சுவர் ஐயாவும் பின்னறைக் கதவும்

மாலை ஏழரை மணி ஆகிவிட்டால் அந்தத் தெருவில் வீடு வீடாகப் புகுந்து திருடலாம். கேட்க நாதி இருக்காது. எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். அடுப்பில் பால் பொங்கி வழியும், போன் அடித்து அடித்து ஓயும், கைக்குழந்தை வீறிட்டால் கையில் கிடைத்ததை அதன் வாயில் திணித்துவிட்டு மறுபடி டிவிக்குத் திரும்பிவிடுவார்கள். 'பின்னறையில் ஒருத்தி' ஓடுகிற நேரம் அது.

கதை ஒன்றும் பிரமாதமில்லை. மர்மமான ஒரு வீடு. அதில் ஒரு குடும்பம். வீட்டின் பின்னறையில் அந்தக் குடும்பத்தின் மூத்தவள் இருக்கிறாள். உயிரோடு இருக்கிறாளா, செத்துப்போய் இருக்கிறாளா என்பது இருநூறு நாளுக்கு மேலாகியும் யாருக்கும் தெரியவில்லை. எழுதுகிறவருக்கே தெரியாது என்று கேள்வி. அறைக்குள்ளிருந்து தையல் மெஷின் ஓடும் சத்தம் வரும். கதவு தானாகத் திறக்கும், தானாகச் சாத்திக்கொள்ளும். மருமகள் அலறிக்கொண்டு ஓடி வருவாள். அவள் ஓடி வருவதை முன்னாலிருந்து, பக்கத்திலிருந்து, மேலேயிருந்து என்று மூன்று தடவை காட்டி முடிப்பதற்குள் அன்றைய கதை தீர்ந்துவிடும்.

கதை தீர்ந்ததும் கடை திறக்கும். அடுத்த பத்து நிமிஷம் சுவர் ஐயாவுக்கு. வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தாடி, காதில் டாக்டர்கள் நெஞ்சில் வைத்துப் பார்க்கிற குழாய். ஐயா அதை நெஞ்சில் வைக்க மாட்டார், சுவரில் வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். "ம்... ம்... அப்படியா..." என்று சுவரோடு பேசுவார். பேசி முடித்து நம் பக்கம் திரும்புவார்.

"நீங்க இப்பப் பார்த்தது கற்பனைன்னு நினைக்காதீங்க. ஊர்ல பாதி வீட்டுல இதான் நடக்குது. உங்க வீட்டுல நடக்கலைன்னா, நீங்க இன்னும் கவனிக்கலைன்னு அர்த்தம்."

இதற்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்? வீட்டில் சத்தம் கேட்டால் பேய் இருக்கிறது. கேட்காவிட்டால் பேய் பதுங்கியிருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் ஐயாவுக்குத் தொழில் நடக்கும்.

அவருடைய ஆபீஸ் வாசலில் விடிந்ததும் வரிசை நிற்க ஆரம்பித்துவிடும். ஐயா எல்லார் வீட்டுக்கும் போக முடியுமா? அதனால் அவரவர் வீட்டுச் சுவரைச் சுரண்டி ஒரு கைப்பிடி சுண்ணாம்பைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவரலாம் என்று சலுகை கொடுத்திருந்தார். பொட்டலத்தின் மேல் குழாயை வைத்துக் கேட்பார். கேட்டுவிட்டு ஒரு பெட்டி காப்பு ஆணி கொடுப்பார். ஹார்டுவேர் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கிற இரண்டு அங்குல ஆணிதான். மஞ்சள் பெயிண்ட்டில் முக்கி, ஐயா படம் போட்ட மஞ்சள் அட்டைப் பெட்டியில் அடைத்தால் அது காப்பு ஆணி. அதை வாங்கிக்கொண்டு போய், ஏற்கெனவே சுரண்டி வைத்த சுவரில் வரிசையாக அடிப்பார்கள். இன்னும் ஒரு வருஷம் போனால் பேய் குடியிருக்கச் சுவர் மிஞ்சாது.

இதெல்லாம் சில்லறை வியாபாரம். ஐயாவின் பெரிய வியாபாரம் ஞாயிற்றுக்கிழமை நேரலை. வாரம் ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்து, கேமராவோடு போய்ச் சுவரைக் கேட்டு, அந்த வீட்டின் 'திறப்பு' யார் என்று சொல்வார். கெட்டது வீட்டுக்குள் நுழைகிற வழிக்குத் திறப்பு என்று பெயர். அது ஜன்னலோ கதவோ இல்லை, ஒரு மனுஷர். அவரை வெளியே அனுப்பிவிட்டால் வீடு குணமாகிவிடும். அனுப்புவதற்கு இடமும் ஐயாவே வைத்திருந்தார். ஊருக்கு வெளியே அமைதி இல்லம். மாதாமாதம் குடும்பத்தார் பணம் கட்ட வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. இத்தனை வாரத்தில் சம்பளம் கொண்டுவருகிற ஒருத்தர் கூடத் திறப்பாக இருந்ததில்லை. படுத்த படுக்கையான மாமனார், புருஷனோடு வாழாமல் திரும்பி வந்த மகள், கால் விளங்காத சித்தப்பா, இப்படித்தான் வந்துகொண்டிருந்தது. வீட்டில் யாருக்கு மரியாதை, யாருக்கு இல்லை என்று பேய்க்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருந்தது.

இந்த ஐயாவைத்தான் தச்சரின் மனைவி தன் வீட்டுக்கு அழைத்துவிட்டாள்.

தச்சர் வேறு யாருமில்லை, அந்தத் தொடரில் வருகிற மர்ம வீட்டைக் கட்டினவரே அவர்தான். ஒரு வருஷத்துக்கு முன்னால் ஸ்டூடியோவில் கூப்பிட்டு, "பார்த்தாலே வயித்தைக் கலக்கணும், அப்படி ஒரு வீடு வேணும். நாலு நாள்ல வேணும்" என்றார்கள். நாலு நாளில் வீட்டை யோசிப்பதா, கட்டுவதா? கண்ணை மூடிக்கொண்டு அளவு சொல்லக்கூடிய வீடு அவருக்கு உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. தன் சொந்த வீடு. ஏழு படி, இடதுபக்கம் கூடம், இருட்டான நடை, நடையின் கடைசியில் பின்னறை. அப்படியே பிளைவுட்டில் அறுத்து நிறுத்தினார். பெயிண்டர் வந்து அழுக்கும் விரிசலும் வரைந்தார். எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கியது. தச்சருக்கு மட்டும் வீட்டு ஞாபகம் வந்தது.

செய்ததில் ஒரே தப்பு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாதது. தொடரை எழுதுகிறவர் செட்டில் உட்கார்ந்து டீ குடித்தபடி, "உங்க வீட்டுல பின்னறையில யாரு இருக்காங்க?" என்று கேட்டார். "எங்க அக்கா இருக்காங்க. துணி தைப்பாங்க" என்று தச்சர் சொன்னார். எழுதுகிறவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். அன்றைக்கு அவருக்குக் கதை கிடைத்தது. அக்காவுக்குக் கேடு கிடைத்தது.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது தம்பிக்கு ஒன்பது வயது. மெஷினை மிதித்து அவனை வளர்த்தாள், தொழில் பழகக் கொண்டுபோய் விட்டாள், கல்யாணம் பண்ணிவைத்தாள். தன் கல்யாணத்துக்கு மட்டும் நேரம் இல்லாமல் போய்விட்டது. வீட்டுக் கடனில் பாதி அவள் தைத்த பள்ளிச் சீருடையில் அடைந்தது. அதைப் பற்றி அவள் பேச மாட்டாள். பேசாத விஷயத்தை மற்றவர்கள் மறப்பது சுலபம்.

தொடர் ஆரம்பித்து மூன்று மாதத்தில் தெரு அக்காவை ஒரு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தது. "அந்த நடையைப் பாரேன், தச்சர் வீட்டு நடை மாதிரியே இல்ல?" என்றார்கள். பிறகு, "மெஷின் சத்தம் கூட அதேதான்" என்றார்கள். தையல் மெஷின் தையல் மெஷின் மாதிரி சத்தம் போடாமல் வேறு எப்படிப் போடும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எதிர்வீட்டில் ஒரு வாத்தியார் இருந்தார். முப்பது வருஷம் பள்ளியில் அறிவியல் நடத்தியவர். ஓய்வு பெற்ற அன்று சாவி, நாற்காலி, சாக்பீஸ் டப்பாவோடு அறிவியலையும் அங்கேயே ஒப்படைத்துவிட்டு வந்துவிட்டார் போல. அவர்தான் முதலில் தன் வீட்டுத் துணியை அக்காவிடம் கொடுப்பதை நிறுத்தினார். மற்றவர்கள் படித்தவரைப் பின்பற்றினார்கள். சம்பாதித்த வரைக்கும் அவள் அக்காவாக இருந்தாள். துணி வரத்து நின்றதும் திறப்பு ஆவதற்கு வேண்டிய தகுதியெல்லாம் வந்துவிட்டது.

தச்சர் மனைவியிடம் எடுத்துச் சொல்லாமல் இல்லை. "இது நான் கட்டின செட்டு. நம்ம வீட்டைப் பார்த்து நானே கட்டினது. அதனாலதான் ஒண்ணு போல இருக்கு."

"அதைத்தான் நானும் கேக்கறேன். ஊர்ல இத்தனை வீடு இருக்க, உங்க கை ஏங்க இந்த வீட்டையே கட்டிச்சு? நீங்களா கட்டினீங்க? ஏதோ ஒண்ணு உங்களைக் கட்ட வெச்சிருக்கு."

நம்புகிறவரிடம் காரணம் சொன்னால், அந்தக் காரணத்தையும் நம்பிக்கைக்கு முட்டுக்கொடுத்து நிறுத்திவிடுவார்கள். முட்டுக்கொடுப்பது தச்சருக்கே தெரிந்த வேலைதான், ஆனால் இவ்வளவு கெட்டியாக அவருக்கே வராது.

ஐயாவுக்கு மனு போட ஒரு படிவம் உண்டு. நாற்பது கேள்வி. வீட்டின் புகைப்படமும் ஒட்ட வேண்டும். நடுவில் யாரும் கவனிக்காதபடி மூன்று கேள்வி இருந்தது. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? வருமானம் இல்லாதவர் யார்? யார் அறையில் வெளிச்சம் குறைவு? மனைவி மூன்றுக்கும் 'நாத்தனார்' என்று எழுதினாள். அவள் கெட்டவள் இல்லை. கேட்டதற்கு உண்மையைத்தான் எழுதினாள். ஐயாவின் சுவர்களுக்கு எல்லாம் இப்படித்தான் வாய் முளைத்தது.

படத்தைப் பார்த்த மறுநாளே, ஐயாவின் நேரலையையும் சேர்த்துக் கவனிக்கிற தொடரின் மேனேஜர் தச்சரைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணே, உங்க வீடும் நம்ம செட்டும் அப்படியே இருக்கு. ஞாயித்துக்கிழமை நேரலை அங்கதான். ஜனங்க மிரண்டுடுவாங்க. நீங்க செட்டு ஆளுன்னு மட்டும் யாருக்கும் தெரிய வேணாம். அடுத்த தொடருக்கு ஒரு பங்களா போடறோம், ஒரு வருஷ வேலை, உங்களுக்குத்தான்."

ஒரு வருஷ வேலை. தச்சர் தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை அவர் வேலைக்குப் போயிருந்தபோது, வீட்டின் மூச்சை அளக்க ஐயாவின் ஆள் ஒருவர் வந்து போனார். எல்லாரையும் வெளியே நிறுத்திவிட்டு, பின்னறையைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் அளந்தாராம். சனிக்கிழமை மத்தியானம் தச்சர் வீட்டுக்கு வந்தபோது மனைவி முகம் வெளுத்து நின்றிருந்தாள்.

"ஏங்க, இங்க வந்து பாருங்க."

பின்னறைக் கதவை முழுதாகத் திறந்து விட்டாள். கதவு கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு மெல்ல, சத்தமில்லாமல், தானாக வந்து சாத்திக்கொண்டது.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் தச்சர் தன் கையால் மாட்டின கதவு அது. ரசமட்டம் வைத்து, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து மாட்டினது. பாதி திறந்தால் பாதியில் நிற்கும். காற்றடித்தால் கூட அதுவாக அசையாது. அவர் கிட்டே போய்ப் பார்த்தார். மேல் கீலில் பழைய பெயிண்ட்டுக்கு நடுவே நாலு ஸ்க்ரூவின் தலையும் புதிதாகப் பளபளத்தன. கீலில் எண்ணெய் போட்டிருந்தது. கீலுக்கும் நிலைக்கும் இடையே மஞ்சளாக ஏதோ மயிரிழை அளவு தெரிந்தது.

அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரியாமல் என்ன? செட்டில் கதவுகளுக்குப் பேய் பிடிக்க வைப்பது அவர்தானே. மேல் கீலைக் கழற்றி, அடியில் ஒரு துண்டு அட்டையை மடித்து வைத்துத் திரும்ப முடுக்கினால் கதவு லேசாகச் சாயும், தானாகச் சாத்திக்கொள்ளும். கீழ்க் கீலுக்கு வைத்தால் தானாகத் திறக்கும். இந்த வித்தையை செட்டில் தன்னோடு வேலை பார்த்த பூனைக்கு அவரே சொல்லிக்கொடுத்திருந்தார். நடந்தால் சத்தம் வராது என்பதால் அந்தாளுக்குப் பூனை என்று பெயர். ஆறு மாதத்துக்கு முன்னால் பூனை வேலையை விட்டுவிட்டு ஐயாவிடம் அளவெடுக்கப் போய்விட்டது.

அப்போதே ஸ்க்ரூடிரைவரை எடுத்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. தச்சர் எடுக்கவில்லை. பங்களா கண்ணில் வந்து நின்றது.

அக்கா உள்ளே பையில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தாள். நாளைக்கு ஐயா என்ன சொல்லப்போகிறார் என்பது தெருவுக்கே தெரியும், அவளுக்குத் தெரியாதா?

"இந்தக் கதவு ஏன் தம்பி இப்படிச் சாத்துது? நீ மாட்டினதுதானே?"

தச்சர் காதைச் சொறிந்தார். "மரம்க்கா. ஈரத்துல ஊதியிருக்கும்."

"வெயில் காலத்துலயா?"

தச்சர் திரும்பிக் கூடத்துக்கு நடந்தார். அக்கா பெரிய கத்தரிக்கோலை ஒரு பழைய துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தெரு அடைத்துக்கொண்டது. ஜன்னலுக்கு ஜன்னல் தலை. வேலிக்கு மேல் தலை. இரண்டு கேமரா, நாலு விளக்கு, உள்ளே நடப்பதைத் தெருவுக்குக் காட்ட வாசலில் ஒரு பெரிய திரையும் ஒலிபெருக்கியும், அமைதி இல்லத்தின் வேன் ஒன்று வாசலில் தயாராக. காப்பு ஆணிக்கு ஒரு மேஜை போட்டிருந்தார்கள்; ஐயா வருவதற்குள்ளேயே பாதிப் பெட்டி காலி. தச்சர் வீட்டில் இத்தனை வருஷத்தில் எந்த நல்லது கெட்டதுக்கும் எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் முதல் வரிசையில் இருந்தார்கள்.

ஐயா ஏழு படியையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து ஏறினார். நடையில் நின்று பெருமூச்சு விட்டார். பின்னறைச் சுவரில் குழாயை வைத்தார். "ம்... ம்... எத்தனை வருஷமா..." என்றார். பிறகு பின்னறைக் கதவை அகலத் திறந்து, கையை எடுத்தார். கதவு வந்து சாத்திக்கொண்டது. கூட்டம் மூச்சை உள்ளே இழுத்தது. தச்சரின் மனைவி சுவரோடு ஒண்டிக்கொண்டாள்.

"பார்த்தீங்களா? நான் தொடலை. காத்து இல்லை. யார் சாத்தினா?" ஐயா திரும்பி அக்காவை விரலால் காட்டினார். "சுவர் சொல்லிடுச்சு. திறப்பு இவங்கதான். பாவம், இவங்களுக்கே தெரியாது. ஆனா இவங்க இங்க இருக்கிற வரைக்கும் இந்தக் குடும்பம் உருப்படாது."

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் வாத்தியார், பக்கத்தில் இருந்தவரிடம்.

அக்கா அழுவாள் என்று கேமரா கிட்டே வந்தது. அவள் அழவில்லை.

"ஐயா, ஒரு சந்தேகம். நான் இருக்கிறதாலதான் கதவு சாத்துதுன்னு சொல்றீங்க?"

"நான் சொல்லலைம்மா. சுவர் சொல்லுது."

"சரி, சுவர்கிட்டயே கேட்டுச் சொல்லுங்க. நான் வெளிய போயிட்டா சாத்தாதா?"

ஐயா குழாயை வைத்துக் கேட்டார். "சாத்தாது. நீ படி இறங்கின நிமிஷம் இந்தக் கதவு சாந்தமாயிடும்."

"அப்ப இறங்கிப் பார்த்துடறேன். எதிர்ச் சாரியில போய் நிக்கறேன். நீங்க கதவைத் திறந்து விட்டுப் பாருங்க. இத்தனை பேர் இருக்காங்க, கேமராவும் இருக்கு."

ஐயாவின் சிரிப்பு கொஞ்சம் இறுகியது. இத்தனை வீட்டில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. "இதெல்லாம் விளையாட்டு இல்லம்மா."

"செய்யட்டுமே ஐயா. உங்க பெருமை ஊருக்குத் தெரியட்டும்" என்றார் வாத்தியார். முழு நம்பிக்கை வைத்தவரால் வருகிற ஆபத்து இதுதான்.

அக்கா படியிறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் எதிர் வீட்டுச் சுவரோரம் நின்றாள். ஐயாவுக்கு வேறு வழியில்லை. கதவைத் திறந்து கையை எடுத்தார். கதவுக்கு அக்கா போனது தெரியாது. வழக்கம்போல வந்து சாத்திக்கொண்டது.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஐயா கண்ணை மூடிக்கொண்டார். "உடம்பு போயிடுச்சு. மூச்சு உள்ளயே தங்கியிருக்கு."

"மூச்சு இங்கயே தங்கிடும்னா என்னை மட்டும் எதுக்கு அனுப்பறீங்க?" அக்கா எதிர்ச் சாரியிலிருந்து உரக்கக் கேட்டாள்.

கேள்வி எல்லாருக்கும் புரிந்தது. புரிந்தது பிடிக்கவில்லை.

"மூச்சு கரைய நாப்பது நாள் ஆகும்" என்றார் ஐயா.

"அதானே" என்றது கூட்டம், நிம்மதியாக. யோசிக்க வேண்டியிருக்குமோ என்று பயந்துபோயிருந்தார்கள். நல்லவேளை, ஐயா காப்பாற்றிவிட்டார்.

ஐயாவின் ஆட்கள் அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு நடந்தார்கள். பையின் மூலையில் கத்தரிக்கோலின் முனை துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டியிருந்தது. தச்சர் அதைப் பார்த்தார். அவருடைய பள்ளிச் சட்டைகளை வெட்டின கத்தரிக்கோல். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. எழுத்து வாசனை அதிகமில்லாத அக்கா ஐயாவை நேருக்கு நேர் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கிறாள். விடை தெரிந்த தம்பி ஒரு பங்களாவுக்காகத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

அவர் உள்ளே போய் ஸ்க்ரூடிரைவரை எடுத்து வந்தார்.

"கொஞ்சம் தள்ளிக்கங்க ஐயா. உங்க பேய் எங்க உக்காந்திருக்குன்னு காட்டறேன்."

மேனேஜர் கேமராவுக்குப் பின்னாலிருந்து கழுத்தில் கையை வைத்து அறுக்கிற மாதிரி சைகை காட்டினார். கேமராக்காரர் கவனிக்கவில்லை, அல்லது நல்ல காட்சியை விட அவருக்கு மனசு வரவில்லை. தச்சர் ஒரு ஸ்டூலில் ஏறி மேல் கீலின் நாலு ஸ்க்ரூவையும் தளர்த்தினார். உள்ளேயிருந்து மடித்த அட்டை ஒன்றை உருவினார். திரும்ப முடுக்கினார். கதவைப் பாதி திறந்து கையை எடுத்தார். பாதியில் நின்றது. முழுதாகத் திறந்தார். முழுதாக நின்றது. ஐயா பார்த்தார், கூட்டம் பார்த்தது, கதவு அசையவே இல்லை.

"நான் செட்டு வேலை பாக்கறவன். டிவியில நீங்க பாக்கிற வீட்டைக் கட்டினது நான். இந்த வீட்டைப் பார்த்துத்தான் கட்டினேன். அங்க கதவைச் சாத்த வைக்கிறதும் நான்தான், இதே மாதிரி அட்டை வெச்சு."

ஐயா லேசுப்பட்டவர் இல்லை. குரலை இறக்கினார். "அந்த அட்டையை அங்க வைக்க வெச்சது யாரு? அதை யோசிச்சீங்களா? அதான் திறப்போட வேலை."

நாலைந்து தலை ஆட ஆரம்பித்தது. தச்சர் குனிந்து, அதே அட்டையைக் கீழ்க் கீலுக்கு அடியில் வைத்து முடுக்கினார். கதவைக் கொஞ்சம் ஒருக்களித்து வைத்துக் கையை எடுத்தார். கதவு தானாக அகலத் திறந்தது.

"இப்பப் பேய் கட்சி மாறிடுச்சு" என்றார். "சந்தேகம் இருக்கிறவங்க வந்து செஞ்சு பாருங்க. வாத்தியாரய்யா, நீங்க வாங்க."

வாத்தியார் வந்தார். ஸ்க்ரூவைத் தளர்த்தினார். அட்டையை உருவி, பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மஞ்சள் அட்டை. காப்பு ஆணிப் பெட்டியிலிருந்து கிழித்தது. அதில் ஐயாவின் ஒரு கண்ணும் அரை மூக்கும் கொஞ்சம் தாடியும் அச்சாகியிருந்தன. பூனைக்கு அவசரத்தில் வேறு அட்டை கிடைக்கவில்லை போலிருக்கிறது.

வாத்தியார் அட்டையைப் பார்த்தார். ஐயாவைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார். "அதே கண்ணுதான்" என்றார்.

நேரலை அந்த இடத்தில் அறுந்து, காப்பு ஆணி விளம்பரம் வந்தது. தெருவில் ஐயாவைச் சுற்றி நெருக்க ஆரம்பித்தார்கள். ஐயாவின் ஆட்களோடு வந்திருந்த பூனை சத்தமில்லாமல் நழுவப் பார்த்து, முதல் தடவையாக ஒரு வாளியில் இடறிச் சத்தம் போட்டு மாட்டிக்கொண்டது. எத்தனை வீட்டுக் கதவில் அட்டை வைத்தாய் என்று கேட்டபோது, எண்ணவில்லை என்றது. அக்காவுக்காக வந்த வேனில்தான் ஐயா ஏறித் தப்பித்தார். குழாய் வாசல்படியில் கிடந்தது.

கூட்டம் கலைந்ததும் தச்சரின் மனைவி அக்காவின் பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து பின்னறையில் வைத்தாள். "தெரியாமப் பண்ணிட்டேன் அண்ணி" என்று அழுதாள்.

"கதவு சாத்துனது அட்டையால" என்றாள் அக்கா. "நீ ரெண்டு மாசமா என் முகத்தைப் பாக்காம சோத்தை வெச்சிட்டுப் போனியே, அதுக்கு யாரு என்னத்தை வெச்சா?" பிறகு தம்பியைப் பார்த்தாள். "உனக்கு நேத்தே தெரியுமா?"

"தெரியும்க்கா."

"ம்" என்றாள். அதற்கப்புறம் பதினொரு நாள் அவள் அவரோடு பேசவில்லை. அன்று மாலையே மேனேஜர் போன் பண்ணி, இனி ஸ்டூடியோ பக்கம் வர வேண்டாம் என்று சொன்னார். இரண்டில் எது அதிகமாக வலித்தது என்று தச்சருக்கு நன்றாகவே தெரிந்தது. தொடர் மட்டும் நிற்கவில்லை. ஏழரை மணிக்கு மருமகள் வழக்கம்போல மூன்று பக்கத்திலிருந்தும் ஓடி வந்தாள்.

திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தால் வாசலில் வரிசை. முன்னால் வாத்தியார், அவருக்குப் பின்னால் பத்துப் பேர். அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார்கள் என்று தச்சர் நினைத்தார்.

வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு பணிவாகச் சொன்னார். "தச்சரே, உங்க கையால எங்க வீட்டுக் கதவை ஒரு தடவை தொட்டுக் குடுக்கணும். உங்க கை பட்டா எதுவும் அண்டாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அந்த அட்டையில ஒரு துண்டு கிடைச்சாலும் நிலையில ஒட்டி வெச்சுக்குவோம்."

தச்சர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்காதான் உள்ளேயிருந்து வந்தாள். ஸ்க்ரூடிரைவரை எடுத்து வாத்தியார் கையில் வைத்தாள்.

"நீங்களே போய்க் கழட்டிப் பாருங்க. உள்ள அட்டை இருந்தா எடுத்து வீசுங்க. அப்புறம் நேரா அமைதி இல்லத்துக்குப் போங்க. இந்த வரிசையில நிக்கிற நாலு வீட்டுலருந்து அங்க ஆள் போயிருக்கு. உங்க அண்ணன் போய் நாலு மாசம் ஆச்சு. கூட்டிட்டு வாங்க."

வாத்தியார் ஸ்க்ரூடிரைவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். "டிவியில அத்தனை பேர் முன்னால சொன்னாங்களேம்மா. நம்பாம எப்படி இருக்கிறது?"

"பேய் இருக்குன்னு சொல்ல ஒரு ஐயா வேணும். இல்லைன்னு சொல்ல ஒரு தச்சர் வேணும். யோசிக்கிறதுக்கு மட்டும் யாரும் வேணாம் சார். அதுக்கு வரிசை கிடையாது, கட்டணமும் கிடையாது. அதனாலதான் ஒருத்தரும் அந்தப் பக்கம் போறதில்ல போலிருக்கு."